காவிரி ஐந்தாம் கட்டத்துக்குப் பிறகு என்ன?

கர்நாடகத்தின் எதிர்காலம் என்றாலே பேச்சு ஐடி, மெட்ரோ, சுரங்கச் சாலை என்று போய்விடுகிறது. என் கணிப்பில், அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்த மாநிலத்தின் போக்கைத் தீர்மானிக்கப்போவது பெங்களூரு தன் கழிவுநீரை என்ன செய்கிறது என்பதுதான். இங்கே வாழும் தமிழர்களுக்கு இதில் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதல் அக்கறை வேண்டும். காவிரிப் பிரச்சினை வெடித்தால் முதலில் அடிபடுவது யார் என்பதை 1991-லும் 2016-லும் பார்த்துவிட்டோம்.

இதுவரை வந்த வழி ஒன்றே ஒன்றுதான்: பக்கத்தில் தீர்ந்தால் இன்னும் தூரத்திலிருந்து கொண்டுவா. 1894-ல் ஹெசரகட்டா, 1933-ல் திப்பகொண்டனஹள்ளி, இரண்டும் அர்க்காவதி ஆற்றில். அது போதாமல் 1974-ல் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதல் கட்டம், நாளுக்கு 13.5 கோடி லிட்டர். அப்படியே கட்டம் கட்டமாக ஏறி, 2024 அக்டோபரில் திறந்த ஐந்தாம் கட்டம் மட்டும் 77.5 கோடி லிட்டர். எல்லாம் சேர்த்து இன்றைய திறன் நாளுக்குச் சுமார் 222 கோடி லிட்டர். தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுனி என்று மூன்று இடங்களில் பம்ப் செய்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரமும் அரை கிலோமீட்டர் உயரமும் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் 2014-க்குப் பிறகு 2025 ஏப்ரல் வரை தண்ணீர்க் கட்டணத்தை யாரும் தொடவில்லை. இவ்வளவு பாடுபட்டு வந்த தண்ணீரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒழுகலிலும் கணக்கில் வராத இணைப்புகளிலும் போய்விடுகிறது.

இப்போது 2018 பிப்ரவரி 16-ல் வந்த காவிரித் தீர்ப்புக்கு வருவோம். உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கூடுதலாக 14.75 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி) கொடுத்தது, அதில் 4.75 டிஎம்சி பெங்களூருவின் குடிநீருக்கு. தமிழ்நாட்டின் பங்கு 192-லிருந்து 177.25 ஆனது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கணக்கின் அடியில் இருப்பதை யாரும் பேசுவதில்லை. குடிநீருக்காக எடுக்கும் தண்ணீரில் 20 சதவீதத்தைத்தான், அதற்கு முன் இந்த வழக்கைத் தீர்த்த காவிரி நடுவர் மன்றம் செலவானதாக எடுத்துக்கொண்டது. மீதி 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது அதன் கணிப்பு.

ஒழுகலைக் கழிக்காமல் முழுத் திறனுக்கும் அந்த 80 சதவீதத்தைப் போட்டுப் பார்த்தால், காவிரித் தண்ணீரிலிருந்து மட்டும் நாளுக்குச் சுமார் 178 கோடி லிட்டர் கழிவுநீர். ஒரு டிஎம்சி என்பது சுமார் 2,832 கோடி லிட்டர். ஆக ஆண்டுக்கு ஏறத்தாழ 23 டிஎம்சி. போர்வெல் தண்ணீரால் வரும் கழிவுநீர் இதற்கு மேல். 4.75 டிஎம்சிக்காகக் காவிரியின் குறுக்கே மேகேதாட்டுவில் கர்நாடகம் 67.16 டிஎம்சி அணை கேட்க, தமிழ்நாடு எதிர்க்க, இரண்டும் மல்லுக்கட்டும்போது, அந்த 4.75-ஐப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு தண்ணீர் நம் வீட்டுக் குழாய் வழியாகவே வெளியேறிக்கொண்டிருக்கிறது.

எங்கே வெளியேறுகிறது? நகரின் மேற்குப் பக்கத்துச் சாக்கடை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், பிறகு காவிரிக்கும் போகிறது. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் இறங்குவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டியும், ஹெப்பாள் பள்ளத்தாக்கில் இறங்குவது வேறு ஏரிகள் வழியாகவும் தென்பெண்ணையில் கலந்து, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே மலைபோல் எழும் நுரை சோப்புத்தூளும் பாதி சுத்திகரித்த கழிவும் சேர்ந்த வேலை. அந்த அணையை நம்பித்தான் ஓசூர் பக்கத்து விவசாயி பயிர் வைக்கிறார். காவிரியில் எத்தனை கனஅடி என்று தினமும் செய்தி வருகிறது. தென்பெண்ணையில் வரும் தண்ணீரின் தரத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கவனம்கூடக் கிடைப்பதில்லை. எனக்கு இது பெரிய வேதனை.

மாற்று வழி இருக்கிறது என்பதற்குச் சான்று கே.சி. வேலி (கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டம். 2018 ஜூன் முதல், பெங்களூருவில் சுத்திகரித்த நீரைக் குழாயில் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். லட்சுமிசாகர ஏரிதான் முதலில் நிரம்பியது. முதல் கட்டத் திட்டச் செலவு சுமார் 1,342 கோடி ரூபாய், அளவு நாளுக்கு 44 கோடி லிட்டர். ஆண்டுக் கணக்கில் ஐந்தரை டிஎம்சிக்கு மேல். அதே கோலார், சிக்கபள்ளாப்பூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து 24 டிஎம்சி கொண்டுவரும் எத்தினஹொளே திட்டம் 2012-ல் எட்டாயிரம் கோடிச் சொச்ச மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்று, இன்று 23,000 கோடியைத் தாண்டி நிற்கிறது. ஒரு டிஎம்சிக்கு என்ன விலை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

கே.சி. வேலியிலும் குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. அனுப்புவது இரண்டாம் நிலை சுத்திகரிப்பு முடித்த நீர் மட்டும். அந்த நிலையில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் முழுதாக நீங்காது. ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுவது அதனால்தான். அந்த ஏரிகளிலிருந்து நிலத்தடிக்கு இறங்குவதைத்தான் கோலார் கிராமங்களும் தங்கவயலைச் சுற்றியுள்ள ஊர்களும் போர்வெல்லில் எடுத்துக் குடிக்கின்றன. இந்தச் சத்துகளையும் நீக்கும் மூன்றாம் நிலை சுத்திகரிப்பு வேண்டும் என்று அங்கே போராடுகிறவர்கள் கேட்பது முழுக்க நியாயம்.

அடுத்தது அபார்ட்மென்ட் எஸ்.டி.பி., அதாவது கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். நாம் நேரடியாகக் கைவைக்கக்கூடிய இடம் இது. 100 வீடு, 400 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுப்படி நாளுக்கு 54,000 லிட்டர் செலவு, 43,000 லிட்டர் கழிவுநீர். கழிப்பறை ஃப்ளஷுக்கு ஆளுக்கு 45 லிட்டர் போட்டால் 18,000, செடிகளுக்கு ஒரு 5,000. மீதி 20,000 லிட்டருக்குப் போக்கிடம் இல்லை. 2024-ல் சுத்திகரித்த நீரில் பாதிவரை விற்கலாம் என்று அரசு அனுமதித்தது நல்ல முடிவு. ஆனால் வாங்க ஆள் வேண்டுமே? தரச் சான்று இல்லாமல் கட்டடக் கம்பெனிக்காரர் எடுக்க மாட்டார், தூரம் போனால் லாரி வாடகை கட்டாது.

இயந்திரமும் ஒழுங்காக ஓடுவதில்லை. மெயின்டெனன்ஸ் செலவைக் குறைக்க ராத்திரியில் கழிவுநீருக்குள் காற்றை ஊதும் புளோயரை நிறுத்துகிறார்கள். காற்று இல்லாமல் கழிவைத் தின்னும் பாக்டீரியா செத்துப்போகிறது, நாற்றம் வருகிறது, ஃப்ளஷில் இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று குடியிருப்பவர்கள் சண்டை போடுகிறார்கள், கடைசியில் பைபாஸ் வால்வைத் திறந்து மழைநீர்க் கால்வாயில் விட்டுவிடுகிறார்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டும் சமையலறை எண்ணெயும் அதே பாக்டீரியாவைத்தான் தாக்குகின்றன. சமையலறை எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் எண்ணெய்ப் பொறியை வாரம் ஒருமுறை வழித்தெடுக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. புளோயர் காற்று ஊதும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரைக் கண்ணாடி ஜாடியில் எடுத்து 30 நிமிடம் ஆடாமல் வையுங்கள். அடியில் 250 முதல் 400 மில்லி வரை காப்பி நிறத்தில் கசடு படிந்து, மேலே நீர் தெளிவாக நின்றால் நிலையம் நலம். 100 மில்லிகூடப் படியவில்லை என்றால் பாக்டீரியா போதவில்லை. 600-ஐத் தாண்டினால் கசடை வெளியேற்றாமல் விட்டிருக்கிறார்கள். கறுப்பாக நாறினால் காற்று போகவில்லை. சங்கக் கூட்டத்தில் ஆபரேட்டரிடம் இந்தச் சோதனையின் தினக்குறிப்பைக் கேளுங்கள். அது இல்லை என்றால் நிலையத்தை யாரும் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்னை இதில் ஒரு விஷயத்தில் முந்திவிட்டது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் திறனில் மூன்றாம் நிலை நிலையம் கட்டி, எதிர்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரித்து, தொழிற்சாலைகளுக்குக் குழாயிலேயே கொடுக்கிறார்கள். லாரி வாடகை என்ற சிக்கலே இல்லை. பெங்களூருவில் எலஹங்கா நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குப் போவது இதே மாதிரிதான், ஆனால் அது ஒரு கோடி லிட்டர் அளவுத் திறன். ஒயிட்ஃபீல்டு, மாலூர், நரசாபுரா தொழிற்பேட்டைகளுக்கு இப்படி ஒரு குழாய் போட்டால் அங்கே போர்வெல் உறிஞ்சுவது குறையும். ஆறாம் கட்டம் என்று பேச்செடுப்பதற்கு முன்னால் இந்தக் குழாய்க்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

இதைக் கேட்க வேண்டிய மன்றமும் வெறுமையாகக் கிடக்கிறது. பெங்களூரு மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் 2020 செப்டம்பரில் காலாவதியானது. 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தபோதும் அதிகாரிகளை வைத்தேதான் தொடங்கினார்கள். தேர்தல் அறிவித்து அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம், ராமமூர்த்தி நகர் பக்கம் தமிழில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு எஸ்.டி.பி.யின் அன்றாட நீர்த்தர அளவைப் பொதுவில் வெளியிடுவீர்களா? கோலாருக்குப் போகும் நீருக்கு மூன்றாம் நிலை சுத்திகரிப்பு எந்த ஆண்டுக்குள்? தென்பெண்ணை எல்லையைத் தாண்டும் இடத்தில் இரண்டு மாநிலமும் சேர்ந்து தரம் பார்க்க ஒப்புக்கொள்வீர்களா?