மூன்று நாளிதழ் என்றால் மூன்று சாட்சி அல்ல

“வேட்பாளரைப் பற்றி மூன்று நாளிதழ்கள் ஒரே மாதிரி எழுதியிருக்கின்றன, மூன்று பேர் விசாரித்து உறுதி செய்ததற்குச் சமம்” என்று ஒருவர் மூன்று செய்திகளை இணைத்து மேலே எழுதியிருக்கிறார். கணக்கு தவறு. எண்ண வேண்டியது நாளிதழ்களை அல்ல, செய்தி எங்கிருந்து வந்தது என்பதை.

2009 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய முதலமைச்சர் அசோக் சவாணைப் புகழும் ஒரே கட்டுரை, ஒன்றுக்கொன்று போட்டியான மராத்தி நாளிதழ்களில் வரிக்கு வரி அப்படியே வந்தது. இதை வெளிக்கொண்டுவந்தவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத். போட்டிப் பத்திரிகைகளின் நிருபர்களுக்கு ஒரே வாக்கியம் ஒரே நேரத்தில் தோன்றுமா என்ன! காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்திபோல் வெளியிடும் ‘பணச் செய்தி’ இது என்ற சந்தேகம் எழுந்தது. நாளிதழ் விளம்பரத்துக்குச் சவாண் தேர்தல் செலவுக் கணக்கில் காட்டியதோ 5,379 ரூபாய். (பின்னர் தேர்தல் ஆணையம் செலவுக் கணக்கில் குறை கண்டது, 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதையும் சொல்வதுதான் நியாயம்.)

“பணச் செய்திக்காக யாரும் பதவி இழந்ததில்லை” என்று சொன்னால் அதுவும் சரியல்ல. உத்தரப் பிரதேச சட்டமன்ற உறுப்பினர் உம்லேஷ் யாதவை, செய்திபோல் வந்த விளம்பரச் செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011 அக்டோபரில் ஆணையம் மூன்றாண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது.

ஆகவே அவர் இணைத்த மூன்று செய்திகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். மூன்றிலும் பேசுவது அதே கட்சி நிர்வாகிதான். எதிர்த்தரப்பும் இல்லை, அந்த வேட்பாளரின் தொகுதியில் உள்ள குடிநீர்ப் பிரச்சினை பற்றி ஒரு வரியும் இல்லை.