மூச்சு மட்டும் போதுமாம்

அந்த ஞாயிற்றுக்கிழமை தியான வகுப்பு வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், ஆளாளுக்கு எனக்கே அனுப்பியும் விட்டீர்கள். "புத்த விகாரையில் மெழுகுவத்தி ஏற்றுவது, பாலி மொழியில் ஏதோ ஓதுவதெல்லாம் மூடநம்பிக்கை, புத்தர் சொன்னது மூச்சைக் கவனி, அவ்வளவுதான்" என்கிறார் அந்தப் பயிற்சியாளர். பெரம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸ். தலைக்கு 4,500 ரூபாய். கூப்பிடு தூரத்தில் வியாசர்பாடி, எங்கள் வீடு.

தியானம் செய்யுங்கள், யார் தடுத்தது? 1979ல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவில் தீராத வலிக்காரர்களுக்காக இப்படியொரு தியானப் பயிற்சியை ஆரம்பித்தார். பலருக்குப் பலன் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் புத்தர் சொன்ன வழியின் எட்டு அங்கத்தில் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு போய், மிச்ச ஏழு அங்கத்தையும் வைத்திருக்கிறவனை மூடன் என்பது என்ன நியாயம்?

என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். குடிப்பார், நன்றாகவே குடிப்பார். ஒரு வைகாசிப் பௌர்ணமிக்கு எழும்பூர் கென்னட் லேன் மகாபோதி சங்கத்துக்கு யாரோ கூட்டிப்போனார்கள். பிக்கு சொல்லச் சொல்லப் பஞ்சசீலம், அதாவது ஐந்து ஒழுக்க உறுதிமொழி, சொன்னார். ஐந்தாவது, 'சுராமேரய மஜ்ஜ பமாதட்டானா', வாயில் நுழையவில்லை. 'சுரா மேரி'யோடு நின்றுவிட்டார். போதை தொடமாட்டேன் என்று அர்த்தமாம். அந்த அரைகுறை வரியைத்தான் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் சொல்வார். இரண்டு முறை சறுக்கினார். அப்புறம் தொடவே இல்லை. "நாலு பேர் முன்னால சொல்லிட்டு எப்படிடா போறது" என்பார். நாலு பேர். அதுதான் சங்கம். மூச்சை எண்ணிக் குடியை நிறுத்தவில்லை ஐயா.

உடனே "அம்பேத்கரே முற்பிறவிக் கர்மாவை ஒதுக்கினாரே, அதுவும் நவீனம்தானே" என்று வருவீர்கள். ஆமாம். அவருக்கு முன்னாலேயே 1898ல் இதே சென்னையில் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். அறிவியல் பேராசிரியரான லட்சுமி நரசு 1907ல் பகுத்தறிவுக்கு ஒத்த பௌத்தத்தைப் புத்தகமாகவே எழுதினார். பௌத்தத்தை அலசிப் பார்க்க எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். ஆனால் அம்பேத்கர் தூக்கிப்போட்டது 'போன ஜென்மப் பாவம், அதனால்தான் சேரியில் பிறந்தாய்' என்ற கதையை. நீங்கள் தூக்கிப்போட்டது சீலத்தையும் சங்கத்தையும். இரண்டும் ஒன்றா?

விபஸ்ஸனா தியானம் மட்டும் என்னவாம், அதுவும் மூச்சுதானே என்பீர்கள். அதைப் பரப்பிய கோயங்காவின் பத்து நாள் வகுப்பில் சீலம் எடுக்காமல் மூச்சுப் பக்கமே விடமாட்டார்கள். கட்டணமும் கிடையாது. சரி, விடுங்கள்.

இதையெல்லாம் மரியாதையாகத்தான் அந்தப் பயிற்சியாளருக்கு எழுதினேன். பதில் ஒரே வரி: "நீங்க கன்வெர்ட்டட் ஃபேமிலியா?" கூடவே ஒரு கும்பிடு ஸ்மைலி. ஒரு நண்பர் வேறு, "கோபத்தைக் கவனி, அது கடந்து போகும்" என்கிறார். கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன், மூன்று நாளாகப் போகவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது காலண்டரில் வெட்டி ஃப்ரேம் போட்ட புத்தர். அப்பா இருந்தவரை தினம் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார், குளிக்காமல் கிட்டே போனால் திட்டு விழும். அந்த வீடியோவில் 12வது நிமிடம் பாருங்கள். பயிற்சியாளருக்குப் பின்னால் ஒரு புத்தர், கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை, தலை மட்டும். அதன் மேல் யாரோ ஹெட்போனை மாட்டி வைத்திருக்கிறார்கள்.