சாவியைக் கொடுப்பவர் மட்டுமா நம்புகிறார்?

போன ஆகஸ்டில் வயோமிங்கின் விண்ட் ரிவர் மலைத்தொடரில் எட்டு நாள் நடந்து முடித்த கையோடு ஊருக்குப் போன் செய்தேன். அப்பா ஏரிகளைப் பற்றிக் கேட்கவில்லை, கரடியைப் பற்றியும் கேட்கவில்லை. "எட்டு நாளும் வண்டி எங்கே நின்றது?" என்றுதான் கேட்டார். பைன்டேல் என்ற சிற்றூரில் ஒரு ஷட்டில் சேவைக்காரரிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம், நடை முடிகிற இடத்துக்கு அவர்களே காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்றேன். அப்பாவிடமிருந்து சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "முன்பின் தெரியாத ஆளிடம் வண்டியை விட்டுவிட்டு நீ எப்படியடா தூங்கினாய்?" என்றார்.

அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பேருந்து ஓட்டியவர். பாதிக் காலம் கொடைக்கானல் மலைப்பாதையில். வண்டியைப் பற்றி அவர் கேட்கும் எந்தக் கேள்வியையும் நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இதே கேள்வி இப்போது டென்வரில் எங்கள் நண்பர்களிடையே பெரிய விவாதமாகியிருக்கிறது. வரும் ஆகஸ்டில் ஆறு பேர் அதே மலைக்குப் போகிறோம். இரண்டு கார்களில் போய் ஆளுக்கொரு முனையில் நிறுத்திவிடலாம், யாரையும் நம்ப வேண்டாம் என்பது நான்கு பேரின் கட்சி. நான் மறுபக்கம் நிற்கிறேன். ஏன் என்பதை வாட்ஸப் குழுவில் துண்டு துண்டாகச் சொல்லிச் சண்டையானதுதான் மிச்சம். எனவே இங்கே முழுதாக எழுதுகிறேன்.

அந்த மலைக்குப் போகாதவர்களுக்கு முதலில் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விண்ட் ரிவர் மலைத்தொடர் ஏறத்தாழ 100 மைல் நீளம். குறுக்கே ஒரு சாலைகூடக் கிடையாது. நாங்கள் நடந்த மேற்குச் சரிவின் பெரும்பகுதி பிரிட்ஜர் வனாந்தரப் பகுதி. 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டப்படி அதற்குள் மோட்டார் வண்டி நுழையக்கூடாது, சைக்கிளுக்கும் இடமில்லை. மலைக்கு மேற்கே தெற்கு வடக்காக 191-ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. அதிலிருந்து சீப்பின் பற்களைப் போலத் தனித்தனிச் சாலைகள் மலையை நோக்கிப் போய், ஆங்காங்கே முட்டி நின்றுவிடுகின்றன. ஒரு பல்லின் நுனியிலிருந்து அடுத்த பல்லின் நுனிக்கு நடந்து போகலாம். காரில் போவதென்றால் சீப்பின் முதுகுவரை திரும்பி வந்தே ஆக வேண்டும்.

நாங்கள் வடக்கே கிரீன் ரிவர் ஏரிகளில் தொடங்கி, ஹைலைன் பாதை வழியாகத் தெற்கே பிக் சாண்டியில் முடித்தோம். நடை 70 மைலுக்கு மேல். பைன்டேலிலிருந்து இந்த இரண்டு முனைகளும் தலா 50 மைலுக்குக் குறையாது, அதிலும் கடைசிப் பகுதி சரளைச் சாலை. பிக் சாண்டி போகிற வழியில் சரளை அலையலையாய் மேடு தட்டிக் கிடக்கும். வேகமாகப் போனால் பல் கிட்டும், மெதுவாகப் போனால் பொழுது சாயும். பொதுப் பேருந்து எதுவும் இல்லை.

இரண்டு கார் கட்சிக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான். டென்வரிலிருந்து ஆறேழு மணி நேரம் இரண்டு கார்களை ஓட்டிக்கொண்டு போய், பிக் சாண்டியில் ஒன்றை விட்டுவிட்டு, மற்றதில் பைன்டேலுக்குத் திரும்பி, அங்கிருந்து கிரீன் ரிவர் ஏரிகளுக்குப் போய்ச் சேரும்போது ஒரு பகல் முழுதும் போயிருக்கும். எட்டாம் நாள் கால் கெஞ்சும்போது மறுபடி அதே சுற்று. களைத்துப்போன ஒருவர், மான்கள் குறுக்கே பாயும் சாலையில், இருட்டியபின் இரண்டாவது காரை எடுக்க இன்னொரு 100 மைல் ஓட்ட வேண்டும். இந்தப் பயணத்தில் உயிருக்கு ஆபத்தான நேரம் எது என்று என்னைக் கேட்டால், மலையைச் சொல்லமாட்டேன், அந்த இரவு ஓட்டத்தைத்தான் சொல்வேன்.

காரைத் தொடக்க இடத்திலேயே எட்டு நாள் விட்டுவைப்பது பாதுகாப்பு என்ற எண்ணமும் தவறு. கனடாவின் புகாபூ மலைகளில் முள்ளம்பன்றிகள் பிரேக் குழாயையும் டயரையும் கடித்துவிடும் என்பதற்காக, காரைச் சுற்றிக் கட்ட வாகன நிறுத்தத்திலேயே கம்பிவலை வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் மினரல் கிங்கில் மார்மட் என்ற பெரிய அணில் இனத்துப் பிராணி ரேடியேட்டர் குழாயைக் கடிக்கிறது. அங்கே ஆட்கள் காரின் அடிவயிறு வரை தார்ப்பாயைச் சுற்றிவிட்டு மலையேறுகிறார்கள். விண்ட் ரிவரிலேயே 2020 செப்டம்பரில் அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி அடித்த காற்றில் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. ஆளில்லாத காட்டில் ஒரு வாரம் கேட்பாரற்று நிற்கும் காரைவிட, இடையில் ஒருவர் வந்து பார்த்து எடுத்துப்போகும் கார் மேல் என்பது என் கணக்கு.

முன்பின் தெரியாதவரிடம் சாவியைக் கொடுப்பது புதிதாக முளைத்த பழக்கமும் அல்ல. ஐடஹோவில் சால்மன் ஆற்றின் மிடில் ஃபோர்க்கில் படகு விடுகிறவர்கள் ஏறத்தாழ 100 மைல் ஆற்றோடு போய்விடுவார்கள். அவர்களுடைய கார்களை உள்ளூர்க்காரர்கள் 200 மைலுக்கு மேல் மலையைச் சுற்றி ஓட்டிப்போய், கரையேறும் இடத்தில் நிறுத்துகிறார்கள். காலங்காலமாக நடக்கிற ஏற்பாடு அது. ஒரே கோடைக்குள் பெயரைக் கெடுத்துக்கொண்டால் அந்தச் சிற்றூர்களில் அடுத்த கோடைக்குத் தொழில் இருக்காது.

கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு முறை அடி விழுந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கொலராடோவில் ஒரு நான்கு நாள் நடை. மாலை நான்கு மணிக்கு இறங்கி வந்தால் நிறுத்தத்தில் எங்கள் கார் இல்லை. போனில் சிக்னல் இல்லை. பையில் ஒரு பிடி முந்திரியும் பாதி ரொட்டியும்தான் மிச்சம். மழை தூற ஆரம்பித்ததும் கூடாரத்தை மறுபடி விரித்தோம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கோபத்தைவிட அந்த மௌனம்தான் என்னை வாட்டியது. மறுநாள் காலை ஒரு வயதான தம்பதி தங்கள் வண்டியில் ஏற்றி ஊரில் விட்டார்கள். அங்கே போனால், கார் அந்த நிறுவனத்தின் கொல்லையில் நாங்கள் விட்டபடியே நின்றுகொண்டிருக்கிறது. எங்கள் முன்பதிவை வாங்கிய இளைஞர் அந்த வாரம் வேலையை விட்டுப் போய்விட்டாராம். வேறு யாருக்கும் விவரம் தெரியாது. காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. நேர்மைக் குறைவு என்றும் சொல்ல முடியாது. ஒழுங்கில்லாத வேலை, அவ்வளவுதான். அதற்கு விலையாக நாங்கள் ஒரு இரவைக் கொடுத்தோம்.

அதன்பிறகு நான் யாரையும் "நம்பலாமா?" என்று விசாரிப்பதில்லை. அவர்கள் வேலை செய்யும் முறையைக் கேட்கிறேன். என் கார் எந்த நாளில் நகர்கிறது என்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? பைன்டேலில் இதைக் கேட்டபோது, ஷட்டில் சேவையில் இருந்த அம்மையார் பதில் சொல்லாமல் என்னை உள்ளே அழைத்துப்போனார். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு காருக்கும் நிறம், நம்பர் பிளேட், நிற்கும் இடம், போக வேண்டிய இடம், தேதி, ஓட்டுபவரின் பெயர். கீழே வரிசையாகக் கொக்கிகளில் சாவிகள். என் சாவியையும் அங்கேயே, என் கண் முன்னால் மாட்டினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்து, கார் எப்போது நகர வேண்டும் என்பது. பலரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான். முதல் நாளே நகர்த்திவிட்டால், இரண்டாம் நாள் ஒருவருக்குக் கணுக்கால் பிசகித் திரும்பி வந்தால் தொடக்கத்தில் கார் இருக்காது. கடைசி நாள் என்று வைத்தால், ஒரு நாள் முன்னதாக முடித்துவிட்டால் கொலராடோ கதைதான். நாங்கள் செய்த ஏற்பாடு வேறு. நடுவழியில் லிட்டில் செனெகா ஏரிக்கு அருகே எல்க்ஹார்ட் பார்க் பக்கம் இறங்கும் பாதை பிரிகிறது. அங்கிருந்து வெளியேறினால் ஒரு நாள் நடையில் தார்ச்சாலை வந்துவிடும். அந்தப் பிரிவைத் தாண்டும்வரை, கிரீன் ரிவர் ஏரிகளில் நாங்கள் விட்டுவந்த காரைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். தாண்டியதும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியில் "தொடர்கிறோம், காரை எடுக்கலாம்" என்று அனுப்பினேன். "சரி, நாளை" என்று பதில் வந்தது. இரண்டாவது சாவி என் பையின் மேலறையில், ஜிப்புக்குள், எட்டு நாளும் இருந்தது. சக்கரத்தின் மேல் சாவியை ஒளித்துவைக்கும் பழக்கத்தை யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். அது எல்லோருக்கும் தெரிந்த இடம்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பொதுவாகக் காப்பீடு காரோடு போகும். உரிமையாளர் அனுமதியோடு ஓட்டுபவருக்கும் பல பாலிசிகளில் அது பொருந்தும். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு தொழிலாக ஓட்டுகிறவர் கையில் கார் இருக்கும்போது பொருந்தாது என்று விலக்கு வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு. உங்கள் நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஷட்டில்காரரிடமும் அவர் காப்பீட்டுச் சான்றைக் கேளுங்கள். தேசியப் பூங்காவுக்குள் சேவை தருபவர் என்றால் வணிக அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை. வீட்டு கேரேஜ் ரிமோட்டைக் காரில் விடாதீர்கள். பதிவுச் சான்றில் உங்கள் வீட்டு முகவரி இருக்கிறது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

பிக் சாண்டியில் இறங்கிய பிற்பகலில் நிறுத்தம் நிரம்பி வழிந்தது. சர்க் ஆஃப் தி டவர்ஸ் என்ற பாறைக் கோபுரங்களைப் பார்க்க வருகிறவர்கள் கூட்டம். சாலையோரமாக வெகுதூரம் கார்கள். எங்கள் கார் நல்ல நிழலில், வெளியே போக வாகாக, மூக்கைச் சாலைப்பக்கம் திருப்பி நின்றது. உள்ளே ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் ஒரு பழைய செய்தித்தாள் விரித்திருந்தது, சேறு படாமல் இருக்க. ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு செருகியிருந்தது. பென்சிலில் எழுதியது. "முன் இடது டயரில் காற்று குறைவாக இருந்தது. ஏற்றியிருக்கிறேன். மெதுவாகப் போங்கள், ஊரில் காட்டுங்கள்."

அதைப் படித்ததும் முகம் சூடேறியது. அந்த டயரின் எச்சரிக்கை விளக்கு ராக் ஸ்பிரிங்ஸைத் தாண்டியதுமே எரிந்தது. நான் பார்த்தேன். குளிரில் அப்படித்தான் எரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சாவியைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டேன். அவர்கள் காப்பீட்டை, பலகையை, ஓட்டுநரின் அனுபவத்தை எல்லாம் துருவித் துருவிக் கேட்ட நான், என் காரில் இருந்த குறையைச் சொல்லவில்லை. ஒரு மனிதர் அந்தக் காரில் தனியாக ஏறி, போன் சிக்னல் இல்லாத சரளைச் சாலையில் ஓட்டியிருக்கிறார். அவருக்கு என்னைத் தெரியாது. என் பிரேக்கைத் தெரியாது. நான் ஸ்டெப்னியில் காற்று வைத்திருக்கிறேனா என்பது தெரியாது. என் கார் போனால் காசு போகும். அவர் பணயம் வைத்தது அதைவிடப் பெரிது.

இதை அப்பாவிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் பணிமனை நாட்களைப் பற்றிப் பேசினார். வண்டியைக் கொண்டுவந்து விட்டதும் என்ன குறை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, ஹாரன் சரியில்லை, பின் டயர் தேய்ந்திருக்கிறது, எதுவானாலும். "நேரமாகிவிட்டது என்று எழுதாமல் போகிறவர்களும் இருந்தார்கள். அந்த வண்டியில்தான் விடிகாலையில் அடுத்தவன் மலையேறுவான்" என்றார். திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஆகவே நண்பர்களே, நம் குழுவில் இதுவரை நடந்த பேச்சு முழுதும் அவர்களை நம்பலாமா என்பதாகவே இருக்கிறது. நம்மை அவர்கள் எதை வைத்து நம்புகிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தாழ்வான செடான் காரைக் கொடுத்துவிட்டு அடியில் பாறை தட்டியது என்று சண்டைக்குப் போவதும், கால் டேங்க் பெட்ரோலோடு விட்டுவிட்டு நடுவழியில் நின்றதற்குக் குறை சொல்வதும், பழைய விரிசலைப் புதிதென்று வாதாடுவதும் நம் ஆட்களிடமும் நடக்கிறது. கொடுப்பதற்கு முன் நான்கு பக்கமும் படமெடுங்கள், மீட்டரையும் எடுங்கள். அந்தப் படங்களை அவர்களுக்கும் அனுப்புங்கள். அப்போது அது இரண்டு பேருக்கும் சாட்சி.

ஆறு பேருக்கும் சேர்த்து நான் முன்பதிவு செய்துவிட்டேன். ஒரே கார். வர விருப்பமில்லாதவர்கள் இந்த மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். படிவத்தின் கடைசியில் "வேறு குறிப்புகள்" என்று ஒரு கட்டம் இருந்தது. போன முறை வெறுமையாக விட்ட கட்டம். இந்த முறை எழுதினேன்: முன் டயர் இரண்டும் புதியவை. ஸ்டெப்னியில் காற்று சரிபார்த்தாயிற்று. ஜாக்கி பின்பக்கம் வலது மூலையில், கம்பளிக்குக் கீழே. இரண்டாவது கியரில் இறங்கும்போது ஒரு முனகல் கேட்கும். மெக்கானிக் பார்த்துவிட்டார், ஆபத்தில்லை. பின் கதவு ஒரே தள்ளலில் மூடாது, இரண்டு முறை அழுத்த வேண்டும்.