என்னைத் தூக்க வேண்டாம், கரையை உயர்த்துங்கள்

"தூக்கிவிடுகிறோம் அக்கா."

கடந்த ஒரு மாதத்தில் இந்தப் பதிலை நான்கு இடங்களில் கேட்டுவிட்டேன். எங்கள் திருகோணமலைக் கடற்கரையில்தான், நிலாவெளியில் இரண்டு ஹோட்டல்கள், உப்புவெளியில் இரண்டு. நான் கேட்டது ஒரே கேள்விதான். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், யாருடைய கையும் படாமல், உங்கள் நீச்சல் தடாகத்துக்குள் இறங்கி, பிறகு தானாகவே ஏறி வர முடியுமா? நால்வருமே அன்பாகத்தான் பேசினார்கள். நால்வருமே கேள்வியைக் காதில் வாங்கவில்லை. யாருடைய கையும் படாமல் என்று நான் அழுத்திச் சொல்லி முடிப்பதற்குள், எத்தனை பேர் வந்து தூக்குவார்கள் என்று கணக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

தூக்கப்படுவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக, போன மாதம் அண்ணாவின் மகளின் பிறந்தநாளன்று நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாளே தொலைபேசியில் விசாரித்தேன். "எல்லா வசதியும் இருக்கிறது" என்றார்கள். போய்ப் பார்த்தால், அந்த எல்லா வசதியும் வாசலில் இருந்த ஒரு சாய்தளத்தோடு முடிந்துவிட்டது. தடாகத்தின் கரை தரையோடு தரையாக இருந்தது. என் சக்கரக் கதிரையின் இருக்கை தரையிலிருந்து 19 அங்குலம். இறங்குவதற்கு இருந்தது செங்குத்தான ஓர் இரும்பு ஏணி மட்டுமே. கால் வேலை செய்யாதவளுக்கு ஏணி எதற்கு?

முகாமையாளர் இரண்டு இளைஞர்களை அழைத்தார். ஒருவர் பின்னாலிருந்து என் அக்குளுக்குள் கையைக் கொடுத்தார். மற்றவர் முழங்காலுக்குக் கீழே பிடித்தார். தூக்கிய வேகத்தில் என் மேற்சட்டை நெஞ்சுவரை ஏறிவிட்டது. அதை இழுத்துவிட எனக்குக் கையில்லை, இரண்டு கையும் அவர்களின் கழுத்தைப் பிடித்திருந்தன. சுற்றிலும் குடைகளின் கீழே முப்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லோருடைய பேச்சும் ஒரே நேரத்தில் நின்றது. அந்த இளைஞர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் தேநீர் பரிமாற வேலைக்கு வந்தவர்கள். மனிதரைத் தூக்க யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவர் வெட்கத்தில் கடைசிவரை என் முகத்தையே பார்க்கவில்லை. நாளைக்கு அவருடைய முதுகு பிடித்துக்கொண்டால் அதற்கு யார் பொறுப்பு?

தண்ணீருக்குள் போன பிறகு எல்லாம் மறந்துபோனது. கழுத்தளவு நீரில் நம் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நமக்கு மிஞ்சும். மீதியைத் தண்ணீர் சுமந்துகொள்ளும். என் கால்கள் மிதந்து என் கண்முன்னே வந்தன. மல்லாந்து கிடந்து, கைகளால் மட்டும் தள்ளி, அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். பிறந்தநாள்காரி பக்கத்தில் நீந்தி வந்து, "மாமி, உங்களுக்கு இவ்வளவு நன்றாக நீந்தத் தெரியுமா?" என்றாள். தெரியும், பிள்ளை. உன் அப்பாவுக்கு நீச்சல் பழக்கியதே நான்தான்.

அரை மணித்தியாலத்தில் குளிரத் தொடங்கியது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட பலருக்கு உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. நானும் அவர்களில் ஒருத்தி. வெளியே வர நினைத்துத் திரும்பினால், என் கதிரை வைத்த இடத்தில் இல்லை.

அந்தரமாக இருந்தது. நடக்கிறவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டுமென்றால், தண்ணீரில் இறங்கியவரின் இரண்டு காலையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதைக்கு இடைஞ்சலாக இருந்ததாம். மடித்து, குடைகள் அடுக்கும் மூலையில் சாத்திவிட்டார்கள். அண்ணா கண்டுபிடித்துக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் தூக்குகிற இளைஞர்கள் இல்லை. ஒரு பஸ் நிறையச் சுற்றுலாப் பயணிகள் வந்திறங்கியதால் பெட்டி சுமக்கப் போயிருந்தார்கள். அண்ணாவால் தனியே முடியாது, அவருக்கு இடுப்பு வலி. நாற்பது நிமிடங்கள் அந்த ஏணியைப் பிடித்தபடி நின்றேன். நின்றேன் என்பதுகூடச் சரியில்லை, தொங்கினேன். உதடு நடுங்கியது. பிள்ளைகள் கேக் வெட்டக் காத்திருந்தார்கள். "மாமி, ஏன் இன்னும் வெளியே வரவில்லை?" என்று பிறந்தநாள்காரி மூன்று தரம் கேட்டுவிட்டாள். நான் என்ன பதில் சொல்ல?

இரவு உடை மாற்றும்போது அண்ணிதான் பார்த்தார். ஏற்றும்போது கரையின் சொரசொரப்பான விளிம்பில் உராய்ந்து, தொடையின் பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் போயிருந்தது. எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. வலித்திருந்தால் கத்தியிருப்பேன். அந்தக் காயத்தின்மேல் உட்கார்ந்தால் அது அழுத்தப் புண்ணாக மாறும், மாறினால் மாதக்கணக்கில் ஆறாது. அதனால் மூன்று வாரங்கள் குப்புறப் படுத்தே கிடந்தேன். வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் நீச்சலுக்கு மூன்று வாரம்.

என் அப்பா திருக்கடலூரில் கடற்றொழில் செய்தவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். எனக்கு இப்படி ஆன பிறகு (எப்படி ஆனது என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை) ஆறு மாதம் நான் கடல் பக்கமே திரும்பவில்லை. ஒரு நாள் காலையில் அப்பா என் கதிரைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, தரையிலிருந்து இருக்கைவரை கையால் அளந்தார். இரண்டு சாணுக்குக் கொஞ்சம் மேல். எழுந்து போய்விட்டார். பின்னேரம் பார்த்தால், அரைவாசி தண்ணீரில் நின்ற வள்ளத்தின் விளிம்பில், அதே உயரத்தில், இழைத்து வழவழப்பாக்கிய ஒரு பலகை. மணலில் சில்லு புதையாமல் வாசலிலிருந்து வள்ளம்வரை பலகைகள். வள்ளத்தின் மறுபக்கம் தண்ணீருக்குள் இறங்கும் மூன்று மரப்படிகள், குட்டையான உயரத்தில், உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக ஏறக்கூடியதாக.

"நீயே போ, பிள்ளை" என்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதவிக்குக் கூட வரவில்லை. கதிரையிலிருந்து பலகைக்கு நகர்ந்தேன், பலகையிலிருந்து படிக்கு, படியிலிருந்து கடலுக்கு. திரும்பும்போது படியில் முதுகுப்பக்கமாக உட்கார்ந்து, கையை ஊன்றி உடம்பை ஒவ்வொரு படியாக உயர்த்தினேன். ஏறி முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்திருக்கும். அப்பா அவசரப்படுத்தவே இல்லை.

அப்பா போய்விட்டார். வள்ளத்தையும் விற்றாகிவிட்டது. வாடைக் காற்று தொடங்கினால் கடலில் எப்படியும் இறங்க முடியாது. அதனால்தான் தடாகம் தேடி அலைகிறேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, அமெரிக்காவின் 2010 ஆம் ஆண்டு அணுகல் தரங்களை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. நீச்சல் தடாகங்களுக்கென்றே அதில் தனிப் பகுதி இருக்கிறது. கரையில் 16 முதல் 19 அங்குல உயரத்தில் ஒரு சுவர் கட்டினால், கதிரையிலிருந்து அதன்மேல் நகர்ந்து உட்கார்ந்து தண்ணீருக்குள் திரும்பிவிடலாம். அல்லது அதே உயரத்தில் ஒரு மேடையும், அதிலிருந்து ஒவ்வொன்றும் 8 அங்குலத்துக்கு மேற்படாத படிகளும். அப்பாவின் பலகையும் படிகளும் அப்படியே அங்கே இருந்தன! அளவு நாடா இல்லாமல், சாண் கணக்கில் அவர் செய்தது. உட்கார்ந்தவரைத் தண்ணீருக்குள் இறக்கி ஏற்றும் மின்தூக்கி இருக்கை என்றால், அதைப் பயன்படுத்துகிறவரே கரையிலிருந்தும் தண்ணீருக்குள்ளிருந்தும் பிறர் துணையின்றி இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அந்தத் தரம் சொல்கிறது. பிறர் துணையின்றி. நான் கேட்பது அதைத்தான், அதற்குமேல் ஒன்றுமில்லை.

"செலவு அதிகம்" என்கிறார்கள். மின்தூக்கிக்குச் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சுவருக்கு என்ன செலவு? ஒரு மேசன், சில மூடை சீமெந்து, வழவழப்பான டைல். நான் சொன்ன அதே தடாகத்தின் மறுமூலையில், தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே குடிப்பதற்காக ஐந்து சீமெந்து இருக்கைகள் கட்டி வைத்திருக்கிறார்கள். இடுப்பளவு நீரில், அளந்து, அழகாக. அதைக் கட்டிய மேசனுக்கு என் இருக்கையைக் கட்டத் தெரியாதா? குடிப்பவரின் வசதிக்கு அளவெடுத்த உங்களுக்கு என் கதிரையின் உயரத்தை அளக்கத் தோன்றவில்லை. ஏணியில் தொங்கிய அந்த நாற்பது நிமிடமும் அந்த ஐந்து இருக்கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

"ஆபத்து, பொறுப்பெடுக்க முடியாது" என்பது அடுத்தது. எனக்குக் காயம் வந்தது நான் தனியே இறங்கியதால் அல்ல, நீங்கள் தூக்கியதால். "அப்படி எத்தனை பேர்தான் வருகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டார். திருகோணமலையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறார்! முப்பது வருடப் போரையும் சுனாமியையும் கண்ட மண் இது. கால் இழந்தவர் இல்லாத தெரு இங்கே இருக்கிறதா? முழங்கால் தேய்ந்த அம்மாக்கள், பாரிசவாதம் வந்தவர்கள், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள், இவர்கள் யாரும் அந்த ஏணியில் இறங்குவதில்லை. இறங்க வழியில்லாத இடத்துக்கு ஏன் வரப்போகிறார்கள்? இன்னொருவர், "கன்னியாவுக்குப் போங்கள், வெந்நீர் உடம்புக்கு நல்லது" என்று புத்தி சொன்னார். அங்கே இருக்கும் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றலாம், அது குளிப்பு. நான் கேட்டது நீச்சல்.

சட்டம் இல்லாமலும் இல்லை. வலது குறைந்தோர் உரிமைப் பாதுகாப்புக்கென்று இந்த நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வர்த்தமானியில் வந்தன. இருக்கிற பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க மூன்று வருடம் தவணை கொடுத்தார்கள். 2016 இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30 ஆவது உறுப்புரை விளையாட்டு, பொழுதுபோக்கு, சுற்றுலா இடங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இத்தனைக்கும் பிறகு, ஊருக்கு ஊர் சாய்தளம் ஒன்றைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாசலைத் தாண்டிய பிறகு எங்களுக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்ற நினைப்பு. சாப்பிட வருவோம், கழிப்பறைக்குப் போவோம், திரும்பிவிடுவோம். நாங்கள் விளையாடவும் வருவோம் என்பது யாருடைய வரைபடத்திலும் இல்லை.

நேற்று ஐந்தாவதாக ஓர் இடத்துக்கு அழைத்தேன். புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், தடாகத்துக்கு இன்னும் டைல் பதிக்கவில்லையாம். பேசியவர் பொறுமையாகக் கேட்டார். சுவர் என்றேன், 19 அங்குலம் என்றேன், விளிம்பு சொரசொரப்பாக இருக்கக் கூடாது என்றேன், கதிரையை யாரும் நகர்த்தக் கூடாது என்றேன். எழுதிக்கொள்கிறேன் என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது. வைப்பதற்கு முன்னால், "ஆனால் கவலைப்படாதீர்கள் அக்கா, எங்களிடம் பலமான பையன்கள் இருக்கிறார்கள்" என்றார்.

திங்கட்கிழமை அண்ணாவோடு அங்கே போகிறேன். அப்பாவின் அந்தப் பலகை இன்னும் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. அதையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுதான் போகிறேன்.