மஹோம்ஸ் முதல் வருஷம் ஒரே ஆட்டம்தான் ஆடினார்

அமெரிக்கக் கால்பந்து (NFL) பற்றி, "சீஃப்ஸ் அணி மஹோம்ஸை முதல் வருஷமே இறக்கித்தான் ஜெயித்தார்கள், ஸ்டீலர்ஸ் அணியும் புதுப் பையனை முதல் வாரமே இறக்கட்டும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. 2017 டிராஃப்டில் (அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) 10-வது ஆளாக மஹோம்ஸை எடுத்தார்கள், சரி. ஆனால் அந்த சீசன் கிட்டத்தட்ட முழுக்க குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) அலெக்ஸ் ஸ்மித்தான். பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) இடம் உறுதியான பிறகு, டிசம்பர் 31 அன்று டென்வரில் ஸ்மித்துக்கு ஓய்வு கொடுத்தபோதுதான் மஹோம்ஸ் இறங்கினார். அந்த ஒரே ஆட்டம். 27-24 என ஜெயித்தார்கள். அடுத்த வாரம் பிளேஆஃபில் மறுபடி ஸ்மித். மஹோம்ஸ் 50 டச்டவுன் (ஸ்கோர் ஆகும் பாஸ்) வீசியதெல்லாம் 2018-இல்.

உங்கள் வாதத்துக்கு ஆள் வேண்டுமென்றால் நம் ஸ்டீலர்ஸிலேயே இருந்தாரே! 2004-இல் குவார்ட்டர்பேக் மேடாக்ஸ் காயம்பட, புதுப் பையன் ராத்லிஸ்பர்கர் உள்ளே வந்து, வழக்கமான சீசனில் (பிளேஆஃபுக்கு முன்) தொடக்கத்திலிருந்தே இறங்கிய 13 ஆட்டத்தையும் ஜெயித்தார். அவரும் முதல் வாரம் பெஞ்சில்தான்.