சண்டை வந்ததும் பூட்டிக்கொள்ளும் சபை

தெற்காசியாவின் எட்டு நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பான சார்க்கின் தலைவர்கள் மாநாடு கடைசியாக நடந்தது 2014 நவம்பரில், காத்மாண்டுவில். அடுத்தது 2016இல் இஸ்லாமாபாத்தில் நடந்திருக்க வேண்டும். காஷ்மீரின் உரி ராணுவ முகாம் தாக்கப்பட்டது, இந்தியா போக மறுத்தது, வேறு சில நாடுகளும் விலகின, மாநாடு நின்றது. நின்றது நின்றதுதான். 2020இல் கொரோனாவுக்காகத் தலைவர்களும் பிரதிநிதிகளும் காணொலியில் ஒருமுறை பேசிக்கொண்டார்கள், அவ்வளவே. மாநாடு நின்ற பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. ரோஹிங்கியா மக்கள் லட்சக்கணக்கில் வங்கதேசத்துக்குள் ஓடி வந்தார்கள். ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கைத் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. காபூல் தாலிபான் கைக்குப் போனது. பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டன. இவற்றில் ஒன்றுக்காகக்கூட எட்டு நாட்டுத் தலைவர்களும் கூடி உட்காரவில்லை.

இதைச் சொன்னால், "கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு உனக்கு எதற்கு இந்தக் கவலை?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எதற்கு என்று சொல்கிறேன்.

எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இல்லை, நாட்டின் எல்லையும் இல்லை. ஆனாலும் பக்கத்து நாட்டுப் போர் எங்கள் அணைக்கட்டு வரை வந்து குடியிருக்கிறது. ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை, ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி, தருமபுரி மாவட்டத்தில் தும்பலஹள்ளி என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு வண்ணம் அடிக்க வந்தவர் பாம்பாறு முகாமைச் சேர்ந்தவர், மன்னாரில் பிறந்தவர். வேலை தொடங்குமுன் சட்டைப் பையிலிருந்து முகாம் அடையாள அட்டையை எடுப்பார். பாலித்தீன் உறையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். பெயின்ட் படக் கூடாதென்று அதை எங்கள் அலமாரியில் வைக்கச் சொல்லுவார். சாயங்காலம் கை கழுவியதும் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான், கூலியை அப்புறம்தான் கேட்பார். முகாமில் தணிக்கை நாள் என்றால் அன்று வேலைக்கு வர முடியாது. அவருடைய மகள் இங்கேயே பிறந்து இங்கேயே கல்லூரி முடித்தவள். அவளுக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இவர்களுக்கு இடமில்லை. 2021இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. புதிய வீடுகள் கட்டப்பட்டதையும் மனதாரப் பாராட்டுகிறேன். குடியுரிமைக் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

சார்க் தொடங்கப்பட்டது 1985 டிசம்பரில், டாக்காவில். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தமிழர்களுக்கு எதிரான கறுப்பு ஜூலைக் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. படகு படகாக மக்கள் ராமேஸ்வரம் வந்துகொண்டிருந்த நேரத்தில், அன்று உறுப்பினராக இருந்த ஏழு நாடுகள் கூடி எழுதிய சாசனத்தின் பத்தாவது பிரிவு என்ன சொல்கிறது? முடிவுகள் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும். இருதரப்புப் பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரிய பிரச்சினைகளையும் அங்கே பேசவே கூடாது. எதைப் பேச வேண்டுமோ அதையே பிறக்கும்போதே விலக்கி வைத்துவிட்டார்கள். அதனால்தான் 1987இல் இந்தியா இலங்கையோடு தனியாக ஒப்பந்தம் போட்டுத் தனியாகப் படை அனுப்பியது. 1990இல் அமைதிப்படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் உயிரோடு இல்லை. அந்த மண்ணின் தமிழ் மக்கள் அந்தப் படையிடம் பட்ட துன்பமும் கொஞ்சமல்ல. அண்டை நாடுகள் சேர்ந்து கொடுத்த ஆணையும் இல்லை, சேர்ந்து கண்காணித்த குழுவும் இல்லை.

ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் இதை வேறு விதமாகச் செய்திருக்கின்றன. அவற்றின் கூட்டமைப்பான தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகம் 2001இல் மலாவியின் பிளாண்டயரில் அரசியல், பாதுகாப்பு ஒத்துழைப்புக்கென்றே ஒரு நெறிமுறையில் கையெழுத்திட்டது. அதற்குத் தனி உறுப்பு உண்டு. தலைமை ஆண்டுதோறும் நாடு மாறும். இப்போதைய தலைவர், முந்தியவர், அடுத்து வரப்போகிறவர் என மூன்று நாடுகள் சேர்ந்து நடத்தும். 2014இல் லெசோத்தோவில் ராணுவம் காவல் நிலையங்களைச் சூழ்ந்தது, பிரதமர் தென்னாப்பிரிக்காவுக்குத் தப்பி ஓடினார். அண்டை நாடுகள் உடனே கூடி, அப்போது தென்னாப்பிரிக்கத் துணை அதிபராக இருந்த ராமபோசாவை நடுவராக அனுப்பின. அடுத்த பிப்ரவரியில் முன்கூட்டியே தேர்தல் நடந்தது. மொசாம்பிக்கின் வடகோடியில் தீவிரவாதிகள் ஊர்களைப் பிடித்தபோது 2021 முதல் 2024 வரை கூட்டுப் படை அங்கே நின்றது. எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். கொங்கோவில் 2025 தொடக்கத்தில் கோமா நகரம் வீழ்ந்தது, தென்னாப்பிரிக்க வீரர்கள் பலர் இறந்தார்கள், அங்கிருந்த கூட்டுப் படையை மார்ச்சில் திரும்பப் பெற முடிவெடுத்தார்கள். தோற்றபோதும் அவசரமாகக் கூடி முடிவெடுக்க அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. நான் கேட்பது அந்த இடத்தைத்தான்.

பகையிருக்கும்போது பாதுகாப்பில் எப்படிக் கைகோப்பது என்று கேட்பவர்கள் தருமபுரியிலேயே பதில் தேடலாம். 1991 டிசம்பரில் காவிரிக்காகப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அந்தக் கசப்பு அடங்குமுன்பே தமிழகமும் கர்நாடகமும் வீரப்பனைத் தேடக் கூட்டு அதிரடிப்படை நடத்தின. தண்ணீர் வழக்கு ஒருபக்கம் ஓட, காட்டில் தேடுதலும் ஓடியது. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே அது முடிந்தது. அதன் இன்னொரு முகத்தையும் இந்த மண்ணில் இருந்து எழுதுகிறவன் மறைக்கக் கூடாது. அந்தக் கூட்டுப் படை மலைக்கிராம மக்களைச் சித்திரவதை செய்த புகார்களைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்தது. இரண்டு அரசுகள் சேர்ந்து துப்பாக்கி எடுத்தால் யாரிடம் போய் முறையிடுவது என்றே ஏழைக்குத் தெரியாது. ஆகவே தெற்காசியாவில் எந்தக் கூட்டுப் பாதுகாப்பு வந்தாலும் அதனுடன் சேர்ந்தே முறையீட்டு மன்றமும் வர வேண்டும். அது இல்லாத ஒத்துழைப்பு எனக்கு வேண்டாம்.

"பாகிஸ்தானோடு என்ன பேச்சு?" என்பது அடுத்த கேள்வி. பஹல்காம் செய்தி வந்த இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் 2025 மே 10 அன்று சண்டை நின்றது இரு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களின் தொலைபேசிப் பேச்சில்தானே? 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன, கார்கில் போருக்குப் பிறகும், மும்பைத் தாக்குதலுக்குப் பிறகும். பேச முடியாதவர்கள் இல்லை. அந்தப் பேச்சை எட்டு நாடுகளின் முன்னால், நிலையான ஓரிடத்தில் வைக்கத்தான் மனமில்லை.

கொழும்பு பாதுகாப்பு மாநாடு என்று ஒன்று வளர்ந்து வருகிறது. 2011இல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு என்று தொடங்கி, பிறகு மொரீஷியஸும் வங்கதேசமும் சேர்ந்தன. கடல் பாதுகாப்பு, பயங்கரவாதத் தடுப்பு, ஆள்கடத்தல், இணையவழிக் குற்றம், பேரிடர் உதவி எல்லாம் அதன் வேலை. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் பாதுகாப்பு ஆலோசகர்கள் கூடிப் பேசும் அறையில் ராமேஸ்வரம் மீனவருக்கும் பாம்பாறு முகாம் குடும்பத்துக்கும் நாற்காலி கிடையாது.

கிருஷ்ணகிரி, தருமபுரி மக்களவை உறுப்பினர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். சார்க் சாசனத்தின் பத்தாவது பிரிவைத் திருத்த இந்தியா முன்மொழியுமா என்று அவையில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமை குறித்து இலங்கையோடு பேச்சு நடக்கிறதா, எந்த அளவில் நிற்கிறது என்றும் கேளுங்கள். வருகிற பதில் எதுவானாலும் அதைப் பாம்பாறு முகாமுக்கு நேரில் வந்து அந்த மக்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.