பீடிக்கும் அதே சட்டம்தான், அண்ணாச்சி

"பீடி குடிசைத் தொழில், புகையிலைச் சட்டம் சிகரெட்டுக்கு மட்டும்தான், இலையில சுத்துறதால கெடுதலும் கம்மி"ன்னு ஒரு அண்ணாச்சி எழுதியிருக்காங்க. ரெண்டுமே தப்பு.

2003-ல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமான கோட்பாவின் அட்டவணையிலேயே சிகரெட், சுருட்டோடு பீடியும் இருக்கு. 18 வயசு ஆகாத பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் பத்தவச்சா 200 ரூபாய் வரை அபராதம், கையில இருக்கிறது எதுவானாலும். 2016 ஏப்ரல் முதல் பீடிக்கட்டிலும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படமும் வாசகமும் இருக்கணும். ஆனா நம்ம பெட்டிக்கடையில கட்டைப் பிரிச்சு ரெண்டு மூணுன்னு எண்ணித்தான் கொடுக்காங்க. அந்தப் படத்தைப் பார்க்கிறது கடைக்காரர் மட்டும்தான்!

குழப்பம் வரியில இருந்து வந்திருக்கலாம். 2017-ல் ஜிஎஸ்டி வந்தப்போ பீடி, சிகரெட் ரெண்டுக்கும் 28 சதவீதம். ஆனா சிகரெட்டுக்கு மேற்கொண்டு செஸ்ங்கிற கூடுதல் வரி போட்டாங்க, பீடிக்குப் போடலை. வரியில கிடைச்ச சலுகை அது, வேறொண்ணுமில்லை.

கெடுதல் கம்மின்னு சொல்றதுதான் ஆபத்து. பீடி இலை வழியா காத்து சரியா போகாது. அணையாம இருக்க அடிக்கடி இழுக்கணும். அதனால நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் கூடுதலாத்தான் உள்ளே போகும். வாய், நுரையீரல் புற்றுநோய், மாரடைப்பு எல்லாம் இதிலும் உண்டு.

நெல்லைச் சீமையில முக்கூடல், ஆலங்குளம் பக்கம் தட்டை மடியில வச்சு பீடி சுத்துற அக்காமாருக்குன்னு 1966-ல் வந்த சட்டம் வேற. அது கூலி வேலைக்கான பாதுகாப்பா இருந்துச்சு. பீடி குடிக்கிறவங்களுக்கு அதில் எந்த விலக்கும் இருந்ததில்லை.